பிச்சாவரத்தில் மோட்டார் படகுகள் தேவையா?

கொள்ளிடக்கரையான்:
பிச்சாவரம் அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்கத் துடுப்புப் படகும் மோட்டார் படகும் விடப்படுகின்றன. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரவியிருக்கும் இந்தக் காடு 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பிறகும் மோட்டார் படகுகளை அனுமதிப்பது தவறு என்பதே என் கருத்து. இங்குள்ள அலையாத்தி மரங்களுள் ஒன்றான சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, முற்றியதும் விழுந்து சேற்றில் வேர்பிடிக்கிறது. குறுகிய வாய்க்காலில் மோட்டார் படகு எழுப்பும் அலை கரைச் சேற்றை அரித்து, இன்னும் ஊன்றாத அந்தக் கன்றுகளைப் பெயர்த்துவிடும். மற்றோர் அலையாத்தி மரமான வெண்கண்டலின், காற்றுக்காகச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களில் எண்ணெய் படிந்தால் நுண்துளைகள் அடைபட்டு, மரமே பட்டுப்போகும்.

தில்லைவாசி:
ஐயா, தங்கள் அக்கறையை மதிக்கிறேன். தடையை ஏற்க இயலவில்லை. இந்தக் காட்டைச் சீரழித்தது சுற்றுலா அன்று. பிரிட்டிஷ் காலம் தொட்டுப் பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டியதால், வெயில் பட்ட நிலம் தாழ்ந்து, உள்ளே வந்த ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்து, கன்று முளைக்காத திடலானது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி நீரோட்டத்தை மீட்ட பிறகே அங்கு பசுமை திரும்பியது. முதியோரும் கைக்குழந்தையோடு வருவோரும் நெடுநேரம் வெயிலில் துடுப்புப் படகில் அமர்ந்திருக்க முடியாது. அவர்களைத் திருப்பி அனுப்பினால், இந்தக் காட்டுக்காகப் பேசக்கூடியவர்களின் எண்ணிக்கைதான் குறையும்.

கிள்ளைக்காரன்:
இருவரும் பயணிகளையும் மரங்களையும் பற்றியே எழுதுகிறீர்கள். அந்த வாய்க்கால்களில் மார்பளவு நீரில் இறங்கி, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. மோட்டார் படகு கடந்தால் நீர் கலங்குகிறது, இறால் ஓடிவிடுகிறது, குனிந்து நிற்பவருக்கு உயிராபத்தும் உண்டு. 2004 ஆழிப்பேரலையின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். காட்டுக்காகப் பேச வெளியூர்க்காரர்கள் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

தில்லைவாசி:
இருளர்களைப் பற்றிய தங்கள் வாதம் வலுவானது. குறுகிய வாய்க்கால்களில் மோட்டார் படகு கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் முகத்துவாரத்தை நோக்கிச் செல்லும் அகன்ற நீர்வழியில், வேகத்துக்கு வரம்பு வைத்து, எண்ணெய் கசியாத மின்கலப் படகுகளை விடுவதில் என்ன கேடு?

கொள்ளிடக்கரையான்:
மின்கலப் படகில் எண்ணெய் இல்லை, உண்மைதான், அலை உண்டே! வேக வரம்பைக் கண்காணிப்பவர் யார்? வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் குளிர்காலம்தான் விடுமுறைக் கூட்டமும் குவியும் காலம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். முதியோருக்காக அகன்ற வழியில் மெதுவாகச் செல்லும் ஒன்றிரண்டு மின்கலப் படகுகள் வரை நான் இறங்கி வரலாம், அதற்கு மேல் இயலாது. அதற்கும் முன்பாக, நாளொன்றுக்கு எத்தனை படகுகள் என்ற உச்சவரம்பை இறால் பிடிப்பவர்களையும் துடுப்புப் போடுபவர்களையும் உட்கார வைத்துப் பேசியே முடிவு செய்ய வேண்டும்.