ஹாட் டப் தண்ணீருக்கு எது நல்லது: குளோரினா, புரோமினா, உப்பா?

மார்க்கம்வாசி:
கனடாவில், புதிதாக வாங்கிய வீட்டின் பின்புறத்தில் ஹாட் டப் (குமிழி கிளம்பும் வெந்நீர்த் தொட்டி) ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1,500 லிட்டர் பிடிக்கும். வார இறுதியில் நான்கு பேர் இறங்குவோம். மற்ற நாட்களில் மூடியே கிடக்கும். உப்பு முறைக்கு மாறினால் ரசாயனமே தேவையில்லை என்கிறார் கடைக்காரர். மைத்துனர் குளோரினைப் போன்ற இன்னொரு கிருமிநாசினியான புரோமின்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மகளுக்குத் தோல் வறட்சி உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

பிளீச்போதும்:
கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள் தம்பி. உப்பு முறையும் குளோரின் முறைதான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினை உண்டாக்குகிறார்கள். கடையில் வாங்காமல் வீட்டிலேயே காய்ச்சுகிறீர்கள், அவ்வளவுதான். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஓயாமல் ஏறும். மின்தகடு தேய்ந்தால் மறுபடியும் செலவு.

என்னைக் கேட்டால் வாசனை சேர்க்காத சாதாரண பிளீச். 6 சதவீதப் பிளீச் 75 மில்லி ஊற்றினால் உங்கள் தொட்டியில் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு) வந்துவிடும். ஹாட் டப்புக்குக் குறைந்தது அவ்வளவு குளோரின் வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டை ஓடவிட்டு ஊற்றி, மூடியைக் கால் மணி நேரம் திறந்து வையுங்கள்.

மிதவை:
ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை இரவில் பனியை மிதித்துக்கொண்டு போய்ப் பிளீச் ஊற்றப்போவது யார்? சூடான தண்ணீரில் குளோரின் நிற்காது. மிதவையில் புரோமின் வில்லையைப் போட்டுத் துளையை அளவாகத் திருகிவிட்டால் அது பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று. குமிழிகள் தண்ணீரிலிருந்து கரியமில வாயுவை வெளியேற்றுவதால் ஹாட் டப்பில் பிஎச் ஏறத்தான் செய்யும். அது 8ஐத் தொட்டால் குளோரினில் கால் பங்குகூட வீரியத்தோடு இருக்காது. புரோமினில் பெரும்பகுதி வேலை செய்யும். வியர்வையோடு சேர்ந்து உருவாகும் குளோரமின் கண்ணை எரிக்குமே தவிர, கிருமியை ஒழுங்காகக் கொல்லாது. புரோமின் அப்படிச் சேர்ந்து உருவாகும் புரோமமின் கொல்லும்.

தெளிந்தநீர்:
இரண்டுமே பழைய கதை. ஓசோன் கருவியும் வெள்ளி கலந்த கனிமக் குச்சியும் வைத்திருக்கிறேன். தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது, வாடையே இல்லை.

தாதி:
கண்ணாடியாக இருப்பது கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகாது ஐயா. ஓசோன் தன்னைக் கடந்துபோகும் தண்ணீரைத்தான் சுத்தப்படுத்தும். சூட்டில் விரைவில் சிதைந்துவிடும். வெள்ளி மெதுவாக வேலை செய்வது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உடலிலிருந்து இப்போது இறங்கும் கிருமியைக் கொல்லத் தண்ணீரிலேயே கிருமிநாசினி மருந்து நிற்க வேண்டும். ஓசோனைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தனியாக நம்பாதீர்கள்.

சூடோமோனாஸ் கிருமியால் வரும் தடிப்பைப் பலர் குளோரின் ஒவ்வாமை என்று நினைத்துவிடுகிறார்கள். சிவந்த, சில இடங்களில் சீழ் வைத்த புடைப்புகள். நீச்சலுடை ஒட்டியிருந்த இடத்தில் கூடுதலாகத் தெரியும். மருந்து குறைந்ததால் வந்த நோய்க்கு மருந்தை மேலும் குறைத்தால் என்ன ஆகும்? நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி இதைவிட ஆபத்து. 1999இல் நெதர்லாந்தின் பொவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் பார்வைக்கு ஓடவிட்ட குமிழித் தொட்டியிலிருந்து அது பரவி, ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். தொட்டிக்குள் யாரும் இறங்கவில்லை. அந்தப் பக்கமாக நடந்துபோய்க் காற்றில் பரவிய நுண்ணிய நீர்த்துளிகளைச் சுவாசித்ததே போதுமானதாக இருந்தது.

மகளுக்கு 5 வயது ஆகவில்லை என்றால் எந்த மருந்தானாலும் இறக்க வேண்டாம்.

பிளீச்போதும்:
தாதி அக்கா சொன்னதில் மறுபேச்சு இல்லை. ஆனால் மிதவை ஒன்றை மறைக்கிறார். அவர் சொல்லும் வில்லை கரையக் கரைய டைமெத்தில்ஹைடான்டோயின் என்ற மிச்சம் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீரை மாற்றினால் ஒழியப் போகாது.

மிதவை:
மறைக்கவில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் தண்ணீரை மாற்றத்தானே வேண்டும்? உங்கள் கட்சிக்காரர்கள் போடும் டைகுளோர் என்ற குளோரின் தூள் மட்டும் என்னவாம்?

பிளீச்போதும்:
அதை நானும் ஆதரிக்கவில்லை. தினம் 3 பிபிஎம் டைகுளோர் போட்டால் ஒரு மாதத்தில் அது விட்டுச்செல்லும் சயனூரிக் அமிலம் 80 பிபிஎம்மைத் தாண்டிவிடும். அது குளோரினின் கையைக் கட்டிவிடும். கடுங்குளிரில் தொட்டியைக் காலி செய்யவும் முடியாது. அதனால்தான் பிளீச் என்கிறேன். எந்தக் கட்சியானாலும் காகிதப் பட்டையை விட்டுவிட்டுச் சொட்டுச் சோதனைப் பெட்டி வாங்குங்கள். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு யாரையும் இறங்கவிடாதீர்கள். நுரை தள்ளும், மருந்தையும் தின்னும்.

மார்க்கம்வாசி:
தினமும் போய்ப் பார்க்க என்னால் முடியாது. அதனால் புரோமின் பக்கம் சாய்கிறேன். மகளுக்கு வயது 9. கொட்டகையில் முந்தைய உரிமையாளர் விட்டுப்போன வாளியொன்று இருக்கிறது. மேலே ‘டிரைகுளோர்’ என்று எழுதியிருக்கிறது, பாதி வில்லைகள் மிச்சம். மிதவையில் அதையும் சேர்த்துப் போட்டுத் தீர்த்துவிடலாமா?

மிதவை:
கூடவே கூடாது. அது நீச்சல் குளத்துக்கான குளோரின் வில்லை, கடும் அமிலம். தொட்டியின் உட்புறத்தையும் சூடேற்றியையும் அரித்துவிடும். ஒருவகை வில்லை இருந்த மிதவையில் இன்னொரு வகையைப் போட்டால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும்.

பிளீச்போதும்:
இதில் நானும் மிதவை பக்கம். வாளியை நனையாமல் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படையுங்கள். பழைய தொட்டி என்பதால் குழாய்களுக்குள் வழுவழுப்பான படலம் இருக்கும். பனிக்கு முன்பே குழாய் சுத்திகரிப்பு மருந்தை ஊற்றி ஓடவிட்டு, முழுவதும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். புரோமினை 4 பிபிஎம்முக்குக் கீழே விடாதீர்கள்.