ஃபேப்ரிக் என்றால் துணி மட்டும்தானா?

கேள்வி:
ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் ஃபேப்ரிக் என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதலில் சோபா உறை, அது துணி, சிக்கல் இல்லை. அடுத்தது ஒரு பழைய கட்டடத்தின் ஃபேப்ரிக், கடைசியில் சோஷியல் ஃபேப்ரிக். மொழிபெயர்ப்புக் கருவி 'சமூகத் துணி' என்று தருகிறது, அதை எப்படி அச்சுக்கு அனுப்புவது? மூன்றுக்கும் பொதுவாக ஏதாவது அடிப்படைப் பொருள் இருக்கிறதா, இல்லை மூன்றும் வேறு வேறு சொற்கள் என்றே நினைத்துக்கொள்ள வேண்டுமா?

பதில் 1:
ஒரே சொல்தான். நாம் துணியிலிருந்து தொடங்குவதால்தான் குழப்பம். லத்தீனில் ஃபேபர் என்றால் கைவினைஞர், கொல்லர், தச்சர் மாதிரி. அவருடைய பட்டறையும் அவர் செய்து முடித்த பொருளும் ஃபாப்ரிகா. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் கட்டடத்தைத்தான் குறித்தது, துணி என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ஃபாப்ரிக் என்றால் தொழிற்சாலை. வெல்டிங் பட்டறையில் ஃபேப்ரிகேஷன் என்கிறோமே, அதுவும் இதே வேர். அதனால் 'சேர்த்துச் செய்தது' என்று மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், மூன்று இடமும் பிடிபடும்.

பதில் 2:
நான் துணித் தொழிலில் இருக்கிறேன். துணி என்ற பொருளிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சிலர் ஃபேப்ரிக் என்றாலே நெசவுத் துணி என்று எழுதிவிடுகிறார்கள், அது தப்பு. டி-ஷர்ட் துணி நெய்தது இல்லை, பின்னியது. ஃபெல்ட்டில் நூலே கிடையாது, இழைகளை அழுத்திப் பிணைத்தது, அதுவும் ஃபேப்ரிக்தான்.

அப்புறம் ஒன்று. நெய்த துணியின் வெட்டிய ஓரத்தில் ஒரே ஒரு நூலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், அந்த நூல் போகிற வழி முழுக்கத் துணி சுருங்கிக்கொண்டே போகும், விரல் இருக்கிற இடத்தில் மட்டும் இல்லை. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அப்படி. சோஷியல் ஃபேப்ரிக் என்று சொல்லும்போது எனக்கு இதுதான் கண்முன் வருகிறது.

பதில் 3:
மேலே இருவரும் சொன்னதோடு தமிழ்ப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். துணி என்ற நம் சொல்லுக்கு வேர் வெட்டுவது. துணித்தல் என்றால் வெட்டுதல். சங்க காலத்தில் துணிக்கு அறுவை என்றும் பெயர், அதுவும் அறுப்பதுதான், இளவேட்டனார் என்ற புலவரை அறுவை வாணிகன் என்றே சொல்வார்கள். ஆங்கிலச் சொல் சேர்ப்பதிலிருந்து வந்தது, நம் சொல் வெட்டுவதிலிருந்து வந்தது. பிறகு 'சமூகத் துணி' எப்படிப் பொருந்தும்!

எனக்குப் பிடித்த சொல் 'கட்டு'. வீடு கட்டுகிறோம், சேலை கட்டுகிறோம், பொய்யை இட்டுக்கட்டுகிறோம். ஆங்கிலத்திலும் ஃபேப்ரிகேட் என்றால் செய்வது, பொய் புனைவது இரண்டும் உண்டு. இவ்வளவு நெருக்கமாக ஒரு சொல் நம்மிடம் இருக்கும்போது அதை விடக் கூடாது. கட்டடத்துக்குக் 'கட்டுமானம்' போடுங்கள், ஆனால் அங்கே அவர்கள் சொல்வது சுவர், கூரை, தளம், கதவு, சன்னல்தான், உள்ளே இருக்கிற மேசை நாற்காலி சேராது. சமூகத்துக்குக் 'கட்டுக்கோப்பு'. வினைச்சொல்லையும் மாற்ற வேண்டும், கட்டுக்கோப்பு கிழியாது, குலையும். ஆசிரியர் நூல், இழை என்று உவமையை நீட்டிக்கொண்டே போனால் மட்டும் 'இழை பிரிகிறது' என்று துணிப் பக்கமே போகலாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வினைச்சொல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, வரைவில் 'கிழிகிறது' என்றுதான் வைத்திருந்தேன். திரும்பப் படித்தேன், ஆசிரியர் உவமையை நீட்டவில்லை, ஒரே வாக்கியம்தான். 'சமூகக் கட்டுக்கோப்பு குலைகிறது' என்று மாற்றிவிட்டேன். கட்டடம் வருகிற இடத்தில் அடுத்த வரியே கூரை ஒழுகுவதைப் பற்றித்தான், அதனால் கட்டுமானம் சரியாக உட்கார்ந்துவிட்டது.