மாற்றுத்திறனாளி பென்ஷன் தள்ளுபடி ஆயிட்டு, மதுரை ஹைகோர்ட்டுக்கு போலாமா?

திருவட்டார்_தங்கச்சி:
எங்க அண்ணன் ரப்பர் தோட்டத்துல வேலை பாக்கும்போ விழுந்து முதுகெலும்புல அடிபட்டு இப்போ இடுப்புக்கு கீழ அசைவே இல்ல. யுடிஐடி கார்டுல (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஊனம் 80 சதவீதம்னு போட்டிருக்கு. பென்ஷனுக்கு எழுதி போட்டோம், நிராகரிப்புன்னு பேப்பர் வந்திருக்கு. அச்சடிச்ச ஃபாரம், தகுதியில்லைங்கிற வரிக்கு நேரா பேனாவால ஒரு டிக், கீழ கையெழுத்து, அவ்ளோதான். நேர்ல போய் கேட்டா வார்ப்பு வீடு (கான்கிரீட் வீடு) இருக்குல்லாங்கிறாங்க. வீடு அம்மா பேர்ல, அண்ணனுக்கு ஒரு சென்ட் கூட கிடையாது. மாசம் 1500 ரூபா அவனுக்கு டயப்பருக்கும் யூரின் டியூபுக்குமே காணாது, அதையும் இப்பிடி ஒரு டிக்குல தட்டி விட்டா வயிறு எரியாதா. கேஸ் போட்டா கோர்ட்டு பென்ஷன் குடுக்க சொல்லுமா?

குழித்துறை_குமாஸ்தா:
மக்ளே அந்த பேப்பர பத்திரமா வை, உன் கேஸே அதுதான். ரிட்டுல, அதாவது அரசு ஆபீஸ் உத்தரவ எதிர்த்து ஹைகோர்ட்டுல போடுத மனுல, கோர்ட்டு பாக்கது ஆர்டர் போட்ட விதத்த, விசாரிச்சாங்களா, காரணம் எழுதினாங்களா, உங்க பக்கத்த கேட்டாங்களான்னு. மொகிந்தர் சிங் கில் கேஸுன்னு 1977 தீர்ப்பு, ஆர்டர்ல எழுதாத காரணத்த பின்னால அஃபிடவிட்ல (சத்தியம் பண்ணி குடுக்க எழுத்து வாக்குமூலம்) கொண்டு வந்து சேக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு. வார்ப்பு வீடு கதை வாயால சொன்னது தானே, பேப்பர்ல இல்லல்லா. ஆனா ஜெயிச்சாலும் பெரும்பாலும் ஆர்டர ரத்து பண்ணி, இத்தன வாரத்துக்குள்ள மறுபடி பரிசீலிச்சு காரணத்தோட உத்தரவு போடுன்னு அதே ஆபீஸுக்கு தான் திருப்பி அனுப்புவாங்க, நேரா பென்ஷன் போடுன்னு சொல்றது அபூர்வம். அத தெரிஞ்சிட்டு போணும்.

கொல்லங்கோடு_வீல்சேர்:
குமாஸ்தா அண்ணன் சொல்றது சரிதான், ஆனா எடுத்த எடுப்புல மதுரைக்கு போவாதீங்க தங்கச்சி. மேல் அதிகாரிகிட்ட அப்பீல் போட்டியான்னு தான் அங்க முதல்ல கேப்பாங்க, போடலன்னா அங்க போய் போடுன்னு கேஸ முடிச்சிருவாங்க. திங்கக்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்லயும் மனு குடுங்க, ரசீது வாங்காம நகராதீங்க. அதோட 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போட்டு விஏஓவும் ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) என்ன ரிப்போர்ட் எழுதினாங்கன்னு காப்பி கேளுங்க, வீட்டு பக்கமே வராம எழுதின ரிப்போர்ட்டுன்னா அதுலயே தெரிஞ்சிரும். உங்களுக்கு 80 இருக்கு, அதனால சண்டை ஆபீஸோட தான். சதவீதமே கொறச்சு போட்டவங்களுக்கு வழி வேற, அவங்க 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 59-வது பிரிவுல அப்பீல் போணும், சதவீதத்த ஜட்ஜ் அளக்க மாட்டாரு, அது டாக்டர் வேலை.

தக்கலை_அக்கா:
காசு செலவ நினைச்சு யாரும் விட்ராதீங்க!! 1987 சட்டப்பணிகள் சட்டம் 12-வது பிரிவுல மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவில்ல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல கேளுங்க, மதுரை பெஞ்சுக்கும் தனி கமிட்டி இருக்கு, 15100-க்கு போன் அடிச்சாலும் சொல்லுவாங்க. அண்ணன மதுரை வர தூக்கிட்டு போக வேண்டாம், அஃபிடவிட்ல கையெழுத்து இங்கயே போடலாம், அங்க வக்கீல் ஆஜராவாரு.

திருவட்டார்_தங்கச்சி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அம்மா பேர்ல வீட்டு வரி ரசீது இருக்கு, அதையும் அப்பீல்ல வைக்கேன். ஆர்டர்ல போட்டிருக்க தேதிக்கு ரொம்ப நாள் கழிச்சு தான் தபால் கைக்கு வந்துது, லேட்டுன்னு தள்ளிருவாங்களோ?

குழித்துறை_குமாஸ்தா:
கவர கிழிச்சு போட்டியா? இருந்தா அதுல தபால் முத்திரை தேதி தெளிவா தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, கவரையும் ஆர்டரோட பின் பண்ணி வை மக்ளே, தபால் லேட்டா வந்ததுக்கு அதுதான் சாட்சி.