விறகுக் கொதிகலனின் குழாய்க்குள் காற்று: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு நாள்

சின்னக்கா, காலை 6:52
எல்லோருக்கும் காலை வணக்கம். பீட்டர்பரோவில் இரவு −24 பாகை வரை இறங்கிவிட்டது. வெளியே நிற்கும் விறகுக் கொதிகலன் நன்றாக எரிகிறது, அதன் முகப்பில் உள்ள வெப்பமானியும் 82 பாகை காட்டுகிறது. ஆனால் வீட்டுக்குள் ஃபர்னஸ் குளிர்ந்த காற்றைத்தான் ஊதுகிறது. கொதிகலனின் வெந்நீர் ஓடி ஃபர்னஸ் காற்றைச் சூடாக்கும் குழாய்ச்சுருளான 'காயில்' இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் 'களக் களக்' என்று புரளும் சத்தமும் கேட்கிறது. அம்மம்மாவின் அறையில் மின்சூடாக்கியை வைத்திருக்கிறோம். மாமா, எழுந்துவிட்டீர்களென்றால் எதை முதலில் பார்ப்பது என்று சொல்லுங்கள்.

மாமா (சட்பரி), காலை 6:58
எழுந்துதான் இருக்கிறேன், பிள்ளை. அம்மா குளிரில் இருக்கக் கூடாது. ஆகவே முதலில் ஃபர்னஸின் புரொப்பேன் எரிப்பானை இயக்கிவிடுங்கள், விறகு வெப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன்பின் மருமகன் வெளியே போய்க் கொதிகலனின் நீர்மட்டத்தைப் பார்க்கட்டும். மட்டம் குறைந்திருந்தால் அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள். இப்போதைக்குப் புதிதாக விறகும் போட வேண்டாம். தண்ணீர் ஓடாமல் வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் கொதித்து வழிந்துவிடும். வழிந்தால் நீரும் குறையும், குறைந்த இடத்தில் மேலும் காற்றுப் புகும்.

அத்தான், காலை 7:21
வணக்கம் மாமா. நீர்மட்டம் சரியாக இருக்கிறது, குறியிலிருந்து இறங்கவில்லை. கொதிகலனின் பின்புறம் உள்ள பம்ப் சுற்றுகிறது, ஆனால் சரளைக் கல்லை அரைப்பது போன்ற சத்தம் வருகிறது. பேஸ்மென்டில் காயிலுக்குள் நுழையும் குழாய் 79 பாகை, வெளியேறும் குழாய் 31 பாகை. நேற்றிரவு கரண்ட் போய் வந்த பிறகே இது தொடங்கியது. மார்கழியில் கரண்ட் போனபோதும் இதே கதைதான். அன்று காயிலின் தலையில் உள்ள திருகைத் தளர்த்திக் காற்றை விட்டவுடன் சூடு வந்தது, பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

தம்பி (ஸ்கார்பரோ), காலை 7:30
அத்தான், காயிலின் தலையில் தானியங்கிக் காற்றுவால்வு ஒன்று இருக்கிறது அல்லவா? அதன் மூடி இறுகியிருந்தால் காற்று வெளியேறாது. நான் வேலை செய்யும் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒவ்வொரு உச்சியிலும் ஒன்றை வைத்து, மூடியைச் சற்றுத் தளர்த்தியே விட்டிருப்போம். உங்கள் வீட்டிலும் இன்னொன்றைக் கூடுதலாகப் பொருத்தினால் நல்லது என்று நினைக்கிறேன்.

அத்தான், காலை 7:33
மூடி தளர்ந்துதான் இருக்கிறது, மச்சான். வீட்டை எங்களுக்கு விற்றவர் வைத்துவிட்டுப் போன அமைப்பு அது, நாங்கள் அதில் கை வைக்கவில்லை.

மாமா (சட்பரி), காலை 7:46
அப்படியானால் அந்த வால்வைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். தம்பி சொல்வது அவர் வேலை செய்யும் கட்டடங்களுக்கு முழுக்கச் சரி. அங்கே நீர் ஓடும் சுற்று வெளிக்காற்றுப் படாமல் மூடப்பட்டது. சூடாகி விரியும் நீருக்கு இடம் கொடுக்க விரிவுத் தொட்டி இருக்கிறது. குளிர்ந்த நிலையிலேயே 12 பிஎஸ்ஐ (ஏறத்தாழ 83 கிலோபாஸ்கல்) அல்லது அதற்கு மேல் அழுத்தம் கொடுத்துத்தான் நீர் நிரப்புகிறார்கள். ஆகவே உச்சியில் எங்கே துளை திறந்தாலும் உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். உங்கள் கொதிகலனோ திறந்த வகை. தொட்டியின் மேல் ஒரு புகைபோக்கி போன்ற சுவாசக் குழாய் வெளிக்காற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. அதனால் அந்த நீரின் மேற்பரப்பில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் எதுவும் இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள குழாய்களில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் கூடும், அந்த மட்டத்துக்கு மேலே ஏறும் குழாய்களில் அதே அளவு குறையும். உங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, கொதிகலன் பள்ளத்து முற்றத்தில் இருக்கிறது. காயிலின் தலை கொதிகலனின் நீர்மட்டத்தை விட உயரமாக இருந்தால், பம்ப் நின்றவுடன் அந்த இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைந்துவிடும். காற்றை வெளியேற்ற வைத்த வால்வு, அப்போது காற்றை உள்ளே இழுக்கும் வாயாகிவிடும். கரண்ட் போகும்போதெல்லாம் இது நேர்கிறது என்று மருமகன் சொன்னது இதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் ஊகத்தை வைத்துக் குழாயை அவிழ்க்கக் கூடாது, அளந்து பார்ப்போம்.

தம்பி (ஸ்கார்பரோ), காலை 7:49
இது எனக்குப் புதிது, மாமா. எப்படி அளப்பது? கொதிகலனுக்கும் வீட்டுக்கும் 45 மீட்டராவது இருக்குமே.

மாமா (சட்பரி), காலை 8:04
நிலத்தை அளக்கவே வேண்டியதில்லை. ஊரில் கொத்தனார்கள் ஒளி ஊடுருவும் குழாயில் நீரை நிரப்பிச் சுவருக்குச் சுவர் மட்டம் பார்ப்பார்கள் அல்லவா, நிலத்தடிக் குழாயே இங்கே அந்த வேலையைச் செய்துவிடும். மருமகனே, காயிலிலிருந்து இறங்கித் திரும்பும் குழாயில், நிலத்துக்குள் போகும் முன்னே ஒரு வடிகால் திருகும் அதற்கடுத்து ஒரு பந்து வால்வும் இருக்க வேண்டும். அந்த வடிகாலில் மூன்று மீட்டர் நீளக் கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாயை இறுக்கிப் பொருத்தி, மறுமுனையைக் கூரையை நோக்கி உயர்த்திக் கட்டிவிட்டு, பம்பை நிறுத்தி, வடிகாலை மெல்லத் திறவுங்கள். குழாயில் நீர் ஏறி எங்கே நிற்கிறதோ அதுவே கொதிகலனின் நீர்மட்டம். அங்கிருந்து காயிலின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நாடாவால் அளந்து சொல்லுங்கள். கையுறை அணியாமல் தொட வேண்டாம். 60 பாகை நீரே சில வினாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும்.

இன்னுமொன்று. பம்ப் நின்றிருக்கும்போதே சவர்க்காரம் கரைத்த நீரில் ஒரு துளியைத் தானியங்கி வால்வின் வாயில் வையுங்கள். குமிழ் ஊதினால் காற்று வெளியேறுகிறது. துளி உள்ளே இழுபட்டால் காற்றுப் புகுகிறது.

சின்னக்கா, காலை 8:10
புரொப்பேன் ஓடத் தொடங்கி வீடு சூடாகிவிட்டது, மாமா. அம்மம்மா தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். இவர் குழாய் வாங்கக் கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.

அத்தான், காலை 9:37
அளந்துவிட்டேன். பம்ப் நின்றபோது குழாயில் நீர் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் நின்றது. காயிலின் தலை தரையிலிருந்து 2 மீட்டர். ஆகவே 1.3 மீட்டர் வித்தியாசம். சவர்க்காரத் துளியை வைத்தேன். அது ஒரு கணம் படலமாக நின்று, நடுவில் குழிந்து, சட்டென்று உள்ளே போய்விட்டது. மூன்றாவது துளியும் அப்படியே போயிற்று. பம்பை மீண்டும் இயக்கியபோது குழாயில் நீர் 85 சென்டிமீட்டர் வரைதான் ஏறியது.

மாமா (சட்பரி), காலை 9:52
ஐயம் தீர்ந்தது. பம்ப் நின்றால் உங்கள் காயிலின் தலையில் வளிமண்டலத்தை விட ஏறத்தாழ 13 கிலோபாஸ்கல் குறைவு. அந்த வால்வு இருக்கும் வரை நீங்கள் எத்தனை முறை காற்றை வெளியேற்றினாலும், அடுத்த மின்தடையில் அது திரும்ப நிறைந்துவிடும். அது மட்டுமல்ல, பம்ப் ஓடும்போதும் நீர் 85இல் நிற்கிறதென்றால், இப்போதைய மெலிந்த ஓட்டத்தில் வால்வு தொடர்ந்து இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. மார்கழியில் சூடு வந்தும் மெல்லக் குறைந்ததற்குக் காரணம் இதுவே.

செய்ய வேண்டியவை இரண்டு. தானியங்கி வால்வைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாவி போட்டுத் திறக்கும் சிறிய கைவால்வு ஒன்றைப் பொருத்துங்கள். நாம் திறக்காதவரை அது மூடியே இருக்கும். பிறகு, சுற்றில் உள்ள காற்றைக் கிணற்று நீரின் வேகத்தால் அடித்து வெளியேற்ற வேண்டும். காயிலின் உச்சியில் தேங்கிய காற்றை இந்தச் சிறிய பம்ப் கீழ்நோக்கித் தள்ளாது. காற்றுக் குமிழ் எப்போதும் மேலேறவே பார்க்கும். இறங்கும் குழாயில் அதைக் கூடவே இழுத்துப் போக நீர் வினாடிக்கு 0.6 மீட்டராவது ஓட வேண்டும். ஒரு அங்குலப் பெக்ஸ் (பிளாஸ்டிக்) குழாயில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 14 லீட்டர். தோட்டக் குழாய் அதைத் தாராளமாகத் தரும்.

தம்பி (ஸ்கார்பரோ), காலை 10:05
மாமா, பம்பை வீட்டுக்குள் கொண்டுவந்து, காயிலுக்கு முன்னே வைத்துவிட்டால் காயிலில் அழுத்தம் கூடும் அல்லவா? இந்தக் குளிரில் வெளியே போய்ப் பழுது பார்க்கும் தொல்லையும் இருக்காது.

மாமா (சட்பரி), காலை 10:19
நல்ல கேள்வி, ஆனால் நான் அதைச் செய்ய மாட்டேன். இப்போது பம்ப் கொதிகலனின் அடியில், நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. அதன் வாயில் நீர் தன் எடையாலேயே வந்து நிறைகிறது. வீட்டுக்குள் வைத்தால் அது 45 மீட்டர் குழாய் வழியாக உறிஞ்ச வேண்டியிருக்கும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் இறங்கும். வளிமண்டலத்தில் பாதி அழுத்தம் இருக்கும் இடத்தில் நீர் 81 பாகையிலேயே கொதித்துவிடும். அந்த அளவுக்குக் குழாயில் விழாது என்றாலும், சுழலும் இறக்கையின் வாயில் அழுத்தம் இன்னும் குறையும். 82 பாகை நீர் அங்கே போதிய அளவு வந்து சேராவிட்டால் நீராவிக் குமிழ்கள் தோன்றி உடைந்து இறக்கையை அரித்துவிடும். மருமகன் இன்று கேட்ட சரளைச் சத்தம் காற்றால் வந்தது. நீராவியால் வந்தாலும் காதுக்கு அப்படித்தான் கேட்கும். மேலும் இந்த வகைப் பம்பின் தாங்கிகளுக்கு நீர்தான் மசகு. ஆகவே, மருமகனே, காற்றோடு அதை நெடுநேரம் ஓடவிட வேண்டாம். அதன் தண்டு கிடையாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், செங்குத்தாக நின்றால் மேல்தாங்கியில் காற்றுத் தேங்கும்.

அத்தான், காலை 10:24
தண்டு கிடையாகத்தான் இருக்கிறது. காற்றை எப்போது வெளியேற்றலாம்?

மாமா (சட்பரி), காலை 10:31
கொதிகலனின் காற்றுக் கதவையும் விசிறியையும் அடைத்துவிட்டு, வெப்பம் 65க்கு இறங்கும் வரை காத்திருங்கள். ஓட்டத்தை நிறுத்தும் நேரத்தில் 82இல் இருந்தால் கொதித்துவிடும். ஆனால் வேலையை இழுத்தடிக்கவும் கூடாது. நிலத்தடிக் குழாய் தாக்குப்பிடிக்கும், கொதிகலனின் பின்னே நிலத்திலிருந்து மேலேறும் துண்டுதான் இந்தக் குளிரில் முதலில் உறையும். எனவே கருவிகளையும் டெஃப்ளான் நாடாவையும் முன்கூட்டியே கையருகில் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பம்பை நிறுத்துங்கள். வீட்டுக்குள் வரும் குழாயின் வால்வையும் திரும்பும் குழாயின் பந்து வால்வையும் மூடுங்கள். வடிகாலைத் திறந்து நீரைச் சற்று இறக்கிவிட்டுக் காயிலின் தலையில் வால்வை மாற்றுங்கள். பிறகு வரும் பக்கத்து நிரப்புத் திருகில் கிணற்று நீரை இணைத்து முழு வேகத்தில் விடுங்கள். வடிகாலில் இணைத்த குழாயின் முனை வாளியில் நீருக்குள் மூழ்கியே இருக்கட்டும், அப்போதுதான் குமிழ் வருவது கண்ணுக்குத் தெரியும். குமிழ் நின்ற பிறகும் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள், ஏனெனில் பெரிய குமிழ்கள் போன பின்பே மணல் போன்ற நுண்ணிய காற்று வரும்.

சின்னக்கா, பிற்பகல் 1:48
மாமா, வேலை நடக்கிறது; வாளியைப் பார்ப்பது என் பொறுப்பு. முதலில் கறுத்த நீர் வந்தது, பிறகு வாளியே அதிரும்படி பெரிய பெரிய குமிழ்கள், அதன்பின் பால் கலந்தது போல வெண்மையான நீர் நெடுநேரம் வந்தது. இப்போதுதான் தெளிகிறது.

மாமா (சட்பரி), பிற்பகல் 1:50
அந்த வெண்மை முழுவதும் நுண்ணிய காற்றுதான், பிள்ளை. அது முழுக்கத் தெளியும் வரை நிறுத்தவே வேண்டாம்.

அத்தான், பிற்பகல் 2:36
பம்ப் சத்தமின்றி ஓடுகிறது, மாமா. காயிலுக்குள் போகும் நீர் 64, வெளியேறுவது 56. கண்ணாடிக் குழாயை மறுபடி பொருத்திப் பார்த்தேன்; முழு ஓட்டத்தில் நீர் 1.7 மீட்டர் வரை ஏறி நிற்கிறது. காயிலின் தலைக்கு இன்னும் 30 சென்டிமீட்டர் குறைகிறது.

மாமா (சட்பரி), பிற்பகல் 2:44
மிக நல்ல செய்தி. அந்த 30 சென்டிமீட்டரையும் சரிசெய்துவிடலாம். வடிகாலுக்கு அடுத்துள்ள பந்து வால்வை மிகச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே குழாயைக் கவனியுங்கள். திரும்பும் வழியை நெரித்தால் அதற்கு முன்னே உள்ள பகுதி முழுவதும் அழுத்தம் உயரும். நீர் 2.3 மீட்டரைத் தொட்டவுடன் நிறுத்துங்கள். அப்போது பம்ப் ஓடும் நேரமெல்லாம் காயிலின் தலையிலும் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கூடுதலாக இருக்கும். கைவால்வைத் திறந்தால் காற்று வெளியேறுமே தவிர உள்ளே வராது. கைவால்வை எப்போதும் பம்ப் ஓடும்போதே திறக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி (ஸ்கார்பரோ), பிற்பகல் 2:51
நெரிப்பதால் ஓட்டம் குறைந்து வீட்டுக்குச் சூடு போதாமல் போகாதா, மாமா?

மாமா (சட்பரி), பிற்பகல் 2:57
சற்றுக் குறையும். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையே 11 பாகை அளவில் வித்தியாசம் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை; 20ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி நெரித்துவிட்டோம் என்று பொருள். இன்னொரு நாள் சத்தமே இல்லாமல் இந்த வித்தியாசம் மெல்லக் கூடிக்கொண்டு போனால், அது காற்று அல்ல. குழாய் வெந்நீரைச் சூடாக்கும் தகட்டு வெப்பமாற்றியின் முன்னுள்ள வடிகட்டியில் துரு அடைத்திருக்கும், அதைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

அத்தான், மாலை 5:20
விறகு போட்டுக் கொதிகலன் 80க்கு வந்துவிட்டது. போவது 78, திரும்புவது 67. குழாயில் நீர் 2.3 மீட்டரில் நிற்கிறது. பந்து வால்வின் கைப்பிடி நிற்கும் இடத்தில் வண்ணப் பேனாவால் கோடு போட்டுவிட்டேன். புரொப்பேனை நிறுத்தியாயிற்று.

மாமா (சட்பரி), மாலை 5:31
மகிழ்ச்சி. நாளைக் காலை கைவால்வை ஒருமுறை திறந்து பாருங்கள், கொஞ்சம் காற்று வரும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். குளிர்ந்த கிணற்று நீரில் கரைந்திருக்கும் காற்று, நீர் சூடாகும்போது பிரிந்து உச்சிக்கு வந்து சேர்வது இயல்பு. சில நாட்களில் அதுவும் நின்றுவிடும். புது நீர் கலந்ததால் அரிப்புத் தடுப்பு மருந்தின் செறிவும் குறைந்திருக்கும். சனிக்கிழமைக்குள் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, குறைந்திருக்கும் அளவுக்கு மருந்தை ஊற்றிவிடுங்கள். திறந்த தொட்டியில் இரும்புக்கு அந்த மருந்தைத் தவிர வேறு காவல் இல்லை.

சின்னக்கா, மாலை 5:38
சோதனைத் தாள் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது, மாமா. நாளைக் காலை எவ்வளவு காற்று வந்தது என்பதையும் தாளில் என்ன நிறம் வந்தது என்பதையும் இங்கேயே எழுதுகிறேன்.