ஏற்காட்டுக்கு ஏற்றிய ஆக்சிஜன் சிலிண்டரில் கேஜ் இறங்கிவிட்டது: கசிவா?

கேட்டவர் (கொண்டலாம்பட்டி, சேலம்):
வணக்கம்ங்க. பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கும்போது 37 டிகிரி வெக்கை, கேஜ் (அழுத்தமானி) 150 பார். ஏற்காட்டில் ஒரு கட்டட வேலைக்குக் கொண்டுபோய் இறக்கினோம். இன்னும் திறக்கவே இல்லை. காலையில் 17 டிகிரி குளிரில் 140 காட்டுகிறது. கேஸ் போய்விட்டது என்று சைட்டில் சண்டை. எத்தனை கிலோ இருக்கிறது என்று கணக்குப் போட முடியுமா? சிலிண்டரில் கொள்ளளவு 46.7 லிட்டர் என்று குத்தியிருக்கு.

பதில் 1:
தம்பி, கேஸ் எங்கேயும் போகலை. குளிரில் அழுத்தம் இறங்கும், அவ்வளவுதான். எடை = (P × V × M) ÷ (R × T). P அழுத்தம், V கொள்ளளவு, T வெப்பநிலை.

கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தம் மட்டும்தான். சேலத்தில் 1 பார் கூட்டினால் 151 பார், அதாவது 1.51 கோடி பாஸ்கல். V 0.0467 கன மீட்டர், M (ஒரு மோல் ஆக்சிஜனின் எடை, கிலோவில்) 0.032, R (வாயு மாறிலி) 8.314. வெப்பநிலையை கெல்வினில் போடணும்: 37 + 273 = 310. விடை 8.76 கிலோ.

ஏற்காட்டு உயரத்தில் காற்றழுத்தமே சுமார் 0.85 பார்தான். 140.85 பார், 290 கெல்வின் போட்டால் 8.73 கிலோ. அந்த 30 கிராம் வித்தியாசம் முள்ளைப் படிப்பதிலேயே வந்துவிடும்.

இவ்வளவு அழுத்தத்தில் ஆக்சிஜன் முழு இலட்சிய வாயுவாக, அதாவது இந்தச் சூத்திரத்துக்கு அச்சாகப் பொருந்தும் வாயுவாக, நடக்காது. உண்மையில் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாகவே இருக்கும். உங்கள் சண்டைக்கு அது தேவையில்லை.

சந்தேகம் தீர வால்வில் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. எண்ணெய், கிரீஸ் பட்ட கையோடு மட்டும் ஆக்சிஜன் வால்வைத் தொடாதீங்க, தீப்பிடிக்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்கண்ணா. நுரை எதுவும் வரலை. மத்தியானம் 24 டிகிரி ஆனதும் கேஜ் 144-க்கு ஏறிடுச்சு. அசிட்டிலினுக்கும் இதே கணக்குதானா?

பதில் 2:
அதுக்கு இது ஆகாதுங்க. அந்த சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளில் அசிட்டோன் ஊறியிருக்கும், அசிட்டிலின் அதில் கரைந்து கிடக்கும். கேஜை வைத்து எடை சொல்ல முடியாது. தராசில் நிறுத்தி, தோளில் குத்தியிருக்கும் காலி எடையைக் கழிங்க. சமையல் கேஸும் அப்படித்தான்: உள்ளே திரவம் இருக்கும்வரை, வெப்பநிலை மாறாவிட்டால், அழுத்தமும் பெரிதாக மாறாது. மலைப்பாதையில் அசிட்டிலினைப் படுக்கவைத்து ஏற்றாதீங்க, நிமிர்த்திக் கட்டுங்க. படுத்தால் அசிட்டோன் வெளியே வந்துடும்.