ஐமெர்க் மழைத் தரவு: கூட்டினால் இரண்டு மடங்கு, தேதியும் ஒன்று தள்ளி வருகிறது

பொருநைக்கரை:
வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை 2001 முதல் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க, நாசாவின் ஐமெர்க் (செயற்கைக்கோள்களின் பதிவிலிருந்து மழையைக் கணிக்கும் தரவு) அரைமணி நேரக் கோப்புகளை எடுத்திருக்கிறேன். ஒரு நாளின் 48 கோப்புகளையும் கூட்டினால், சாதாரண மழை நாட்களில் மழைமானி காட்டுவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. 2023 டிசம்பர் காயல்பட்டினம் பெருமழை வானிலைத் துறைப் பதிவில் 18ஆம் தேதி. என் வரைபடத்தில் 17ஆம் தேதி. எங்கே இடறுகிறது?

வான்நோக்கி:
கோப்பில் இருப்பது பெய்த அளவு அல்ல, பெய்யும் வேகம்: மணிக்கு இத்தனை மில்லிமீட்டர். கூட்டியதை 2ஆல் வகுத்துவிடுங்கள். மாதக் கோப்பிலும் இதே அலகுதான்; அங்கே அந்த மாதத்தின் மொத்த மணிகளால் பெருக்க வேண்டும்.

தேதிக் குழப்பத்துக்குக் காரணம் கடிகாரம். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது, முந்தைய 24 மணி நேர மழை அன்றைய தேதியில் ஏறும். நம் 8.30 என்பது உலக நேரப்படி 3 மணி. ஆகவே 17ஆம் தேதி தொடக்க நேரம் 030000 (அதாவது உலக நேரம் 3 மணி) என்றுள்ள கோப்பிலிருந்து 18ஆம் தேதி 023000 கோப்பு வரை கூட்டி, 18 என்று பெயரிடுங்கள்.

பொருநைக்கரை:
மிக்க நன்றி. இரண்டும் சரியாகிவிட்டன. ஆனால் காயல்பட்டினத்தின் 95 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில்கூட என் எண் வரவில்லை. இறுதிப் பதிப்பைத்தான் பயன்படுத்துகிறேன்.

மேகக்கணக்கு:
வராது. மழைமானியின் வாய் ஒரு சாண் அகலம்கூட இல்லை. ஐமெர்க்கின் ஒரு கட்டமோ ஏறக்குறைய 11 கிலோமீட்டர் பக்கம் கொண்டது, அதன் சராசரிதான் உங்களுக்குக் கிடைக்கிறது. சில செயற்கைக்கோள்களில் உள்ள நுண்ணலைக் கருவி மேகத்துக்குள் இருக்கும் நீரையும் பனியையும் உணர்கிறது, ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் எப்போதும் நம் தலைக்கு மேல் இருப்பதில்லை. இடைவெளியை நிரப்ப உதவும் அகச்சிவப்புப் படம் மேக உச்சியின் குளிரை மட்டுமே பார்க்கிறது. உச்சி குளிர்ந்த மேகமெல்லாம் கொட்டுவதில்லை. தாழ்ந்த மேகம் கொட்டித் தீர்ப்பதும் உண்டு. இறுதிப் பதிப்பு மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்துவது மாத மொத்தத்தை. ஒரே நாளின் உச்சத்தை அது மீட்டுத் தராது.

எனக்கு இதைவிடக் கவலை உங்கள் நீண்ட காலத் தொடர்தான். இறுதிப் பதிப்பு வர மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். அண்மை மாதங்களுக்கு, அதற்கு முன்பே விரைவாக வெளிவரும் அவசரப் பதிப்பை ஒட்டினால், மழை மாறாமலே வரைபடம் ஏறும் அல்லது இறங்கும். ஐமெர்க் கணக்கிடும் முறையின் ஆறாம், ஏழாம் பதிப்புகளைக் கலந்தாலும் இதே கதிதான். ஏழாம் பதிப்பு 1998 ஜனவரியிலிருந்தே கிடைக்கிறது. முழுத் தொடரையும் அதிலேயே எடுங்கள்.