கதை, நாவல்னு படிக்கறதுல உண்மையிலேயே என்னங்க இருக்கு? பொண்ணுக்கு பதில் சொல்லத் தெரியல

நொய்யல்_கரை:
வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்கறேன், வயசு 41. போன வாரம் ராத்திரி எட்டாவது படிக்கற என் பொண்ணு தமிழ் புஸ்தகத்த மடில வெச்சுட்டு, "அப்பா, சயின்ஸ் எதுக்குப் படிக்கறோம்னு தெரியுது, கணக்கு எதுக்குன்னு தெரியுது, இந்தக் கதைய எதுக்குப்பா படிக்கணும், இது நடக்கவே இல்லியே"ன்னு கேட்டா. வாயத் தொறந்தேன், ஒண்ணும் வரல. "அறிவு வளரும் சாமி"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அது பதிலே இல்லன்னு எனக்கும் தெரியும், அவ மூஞ்சியப் பாத்தா அவளுக்கும் தெரிஞ்சிருச்சு.

காலேஜ் படிக்கறப்ப நானும் நெறைய படிச்சவன் தானுங்க. தி.ஜானகிராமனோட 'மோகமுள்' நாவல கையில எடுத்துட்டு மூணு நாள் ஹாஸ்டல விட்டு வெளிய போகல. அப்புறம் வேலை, கல்யாணம், மாசா மாசம் ஜிஎஸ்டி ஃபைலிங்னு ஓட ஆரம்பிச்சதும் அது அப்படியே நின்னு போச்சு, இப்ப படிக்கறதெல்லாம் பணத்த எப்படி சேக்கறது, நேரத்த எப்படி மிச்சம் பண்றதுங்கற மாதிரி புஸ்தகம் தான், அதுல ஏதோ ஒண்ணு கையில நிக்குதுன்னு ஒரு திருப்தி. எங்க மாமனாரும் "நடக்காத கதைக்கு எதுக்கு மாப்ள கண்ணக் கெடுத்துக்கணும்"னு தான் கேப்பாரு. தப்பா எடுத்துக்காதீங்க, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு தான் கேக்கறேன். புள்ளைக்கு நான் என்ன சொல்றது?

ராத்திரி_டூட்டி:
அண்ணா, நான் பதினோரு வருஷம் தீக்காய வார்டுல நர்ஸா இருந்தவ. பேஷண்ட் உள்ள வந்ததும் நாங்க மொதல்ல பாக்கறது ஒடம்புல எத்தனை பர்சன்ட் வெந்திருக்குன்னு தான். தலைக்கு 9, ஒரு கைக்கு 9, ஒரு காலுக்கு 18, நெஞ்சும் வயிறும் சேந்து 18, முதுகுப் பக்கம் 18னு மனசுலயே கூட்டிருவோம், அதை வெச்சுத்தான் டிரிப்ஸ் எவ்வளவு போகணும்னு டாக்டர் கணக்கு போடுவாரு. அந்தக் கூட்டல் வேணும், அது இல்லன்னா உசுரக் காப்பாத்த முடியாது. ஆனா வருஷக்கணக்கா கூட்டிக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல ஆளு மறைஞ்சு போயிடறாங்க, "அந்த 60 பர்சன்ட்டுக்கு டிரெஸ்ஸிங் முடிஞ்சுதா"ன்னு தான் எங்களுக்குள்ள பேச்சே.

அந்த சமயத்துல தான் கூட வேலை செய்யற அக்கா ஒருத்தங்க இமையத்தோட 'செல்லாத பணம்' நாவல குடுத்தாங்க. அதுக்கு 2020க்கான சாகித்ய அகாடமி விருது வந்துச்சு. வீட்ட எதுத்துக்கிட்டு ஆட்டோ ஓட்டறவர கல்யாணம் பண்ணின ஒரு பொண்ணு, ஒடம்பெல்லாம் தீப்பட்டு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில கெடக்கறா. நாவல்ல பெரும்பகுதி வார்டுக்கு வெளில காத்துக்கிட்டிருக்கற சொந்தக்காரங்க பேசற பேச்சுதான். நான் வேலை செஞ்சது வேற ஊருதான், ஆனா அதே மாதிரி வராண்டால தினம் பத்து தடவ நடந்திருக்கேன், அங்க என்ன பேசறாங்கன்னு ஒரு நாளும் என் காதுல விழுந்ததில்ல. படிச்சு முடிச்ச வாரம் ஒரு அம்மா தூக்குவாளிய மடில வெச்சுக்கிட்டு மூடியத் தொறக்கறதும் மூடறதுமா உக்காந்திருந்தாங்க. பொண்ணுக்கு வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு காலைலயே சொல்லியாச்சு. முன்னாடியா இருந்தா "சொன்னா புரியாதாம்மா"ன்னு கேட்டுட்டு போயிருப்பேன். அன்னிக்கு பக்கத்துல உக்காந்து "என்னம்மா கொண்டு வந்தீங்க"ன்னு கேட்டேன். ரசஞ்சோறு. சொல்லும்போதே அழுதுட்டாங்க, அப்புறமா வாளிய கீழ வெச்சாங்க.

உங்க பொண்ணுகிட்ட இதை எப்படி சொல்றதுன்னு எனக்குத் தெரியல அண்ணா. எனக்கு நடந்தது இது.

கமலைக்கிணறு:
அக்கா எழுதினத படிச்சுட்டு கொஞ்ச நேரம் போன கீழ வெச்சுட்டேன். ஆனா அண்ணே, இதை வெச்சு "கதை படிச்சா இரக்கம் வளரும்"னு பிள்ளைக்கு வாக்கு குடுத்துராதீங்க. 2013-ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, இலக்கியத் தரமான கதைய கொஞ்ச நேரம் படிச்சவங்க, வெறும் கண்ணு மட்டும் தெரியற போட்டோவ பாத்து அந்த ஆளு மனசுல என்ன ஓடுதுன்னு சொல்றதுல மத்தவங்கள விட நல்லா செஞ்சாங்கன்னு. அது எல்லா எடத்துலயும் பரவிருச்சு. பின்னாடி வேற குழுக்கள் இன்னும் நெறைய பேர வெச்சு அதையே செஞ்சு பாத்தப்ப அந்த வித்தியாசம் வரல. எனக்கு அதுல வருத்தமே இல்ல. கதை டானிக் கிடையாது, காலைல ஒரு மூடி குடிச்சா சாயங்காலம் குணம் தெரியறதுக்கு.

எனக்கு கிடைச்சது வேற. கோவில்பட்டி பக்கம் எங்க ஊரு. தாத்தா கமலை எறச்சவரு, அதாவது மாடு கட்டி கிணத்துத் தண்ணி எறைக்கறவரு, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே மோட்டார் வந்துருச்சு, அதனால கிணத்து மேல இருக்கற அந்தக் கல்லு எதுக்குன்னு கூட எனக்குத் தெரியாது. கி.ராஜநாராயணன் கதைகள்ல தான் மொதல்ல அந்த உலகத்த பாத்தேன், அவரு எங்க கரிசல் மண்ணு பக்கத்து சொல்லுகள சேத்து ஒரு அகராதியே போட்டவரு. புஸ்தகத்த எடுத்துட்டு போயி "தாத்தா, வடம்னா எது, கூனைன்னா எது"ன்னு கேட்டேன். ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மனுசன், திண்ணைல இருந்து எந்திரிச்சு கிணத்தடிக்கே கூட்டிட்டு போயி, மாடு சரிவுல எறங்கும்போது வடத்து மேல எப்படி உக்காருவாங்கன்னு ஒக்காந்தே காட்டுனாரு. 78 வயசு அப்ப அவருக்கு. அவருகிட்ட கேக்கறதுக்கு எனக்கு ஒரு கேள்வி கிடைச்சதே அந்தக் கதைனால தான்.

ஓய்வு_தமிழாசிரியர்:
தம்பி, முப்பது வருஷம் தமிழ் பாடம் எடுத்தவன் சொல்றேன், உங்க பொண்ணு கேட்டது சரியான கேள்வி. அதுக்குக் காரணம் நாங்கதான். கதைய முடிச்ச கையோட "இக்கதை உணர்த்தும் கருத்து யாது"ன்னு கேட்டு, அஞ்சு மார்க் போட்டு, நாலு வரில அடக்கச் சொன்னோம். நாலு வரி போதும்னா கதை எதுக்குன்னு பிள்ளை கேக்கத்தான் செய்யும்.

ஒரு வருஷம் மட்டும் வேற மாதிரி செஞ்சேன். கு.அழகிரிசாமியோட 'அன்பளிப்பு' கதைய ஒன்பதாம் வகுப்புல சத்தமா வாசிச்சேன், பாடத்துல கிடையாது, ஒரு மழை நாள், பாதிப் பேர் வரல. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்ககிட்ட ரொம்பப் பிரியமா இருக்கற ஒருத்தர், டைரி வாங்கிட்டு வந்து குடுக்கும்போது சாரங்கன்ற பையனுக்கு இல்லாம போயிடுது. அவர் கெட்டவர் இல்ல, அவருக்கு அது தோணவே இல்ல. அந்தப் பையன் சண்டை போடல, அழல. ஒரு நாள் அவரை வீட்டுக்குக் கூப்பிடறான், உப்புமா கொண்டு வந்து வைக்கறான், கடைசில ஒரு டைரிய எடுத்து நீட்டி, அவரே தனக்கு அன்பளிப்பா குடுத்த மாதிரி எழுதித் தரச் சொல்றான். முடிச்சுட்டு புஸ்தகத்த மூடினேன், ஒரு கேள்வியும் கேக்கல. பெல் அடிச்சும் பிள்ளைங்க எந்திரிக்கல. எனக்கு அன்னிக்கு சங்கடமா இருந்துச்சு, ஏன்னா கடைசி பெஞ்சுல ரெண்டு பையன் பேரு வருஷம் பாதி போயும் எனக்கு தெரியாது.

பதில் சொல்ல வேண்டாம் தம்பி. இந்தக் கதைய ராத்திரி உக்காந்து வாசிச்சுக் காட்டுங்க. கருத்து மட்டும் கேக்காதீங்க.

நொய்யல்_கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா, நீங்க எழுதினத என் சம்சாரத்துக்கும் படிச்சுக் காட்டினேன்.

ஐயா, நேத்து ராத்திரி கரண்ட் போனப்ப வாசிச்சேன், எமர்ஜென்சி லைட் வெளிச்சத்துல. பாதில மாமனாரும் வந்து கட்டில்ல உக்காந்துட்டாரு, ஒண்ணும் பேசல. நான் வருஷக்கணக்கா சத்தமா எதுவும் வாசிச்சதில்லீங்க, கடைசிப் பக்கத்துல தொண்டை கட்டிப் போச்சு, தண்ணி குடிச்சுட்டு தான் முடிச்சேன். பொண்ணு கொஞ்ச நேரம் கம்முனு இருந்துட்டு, "அவன் உப்புமா கொண்டு வந்து வைக்கற எடத்த மட்டும் இன்னொருக்கா படிங்கப்பா"ன்னா. படிச்சேன்.

அடுத்து என்ன வாசிக்கறதுங்க? ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிட்டு லைப்ரரி போறேன், கார்டு புதுப்பிக்கணும்.

ஓய்வு_தமிழாசிரியர்:
அதே அழகிரிசாமியோட 'ராஜா வந்திருக்கிறார்' எடுங்க தம்பி. தீபாவளிக் கதை. மாமனாரையும் உக்கார வையுங்க.